எலும்புக்கூடு, நடைபிணம், ஆவி மூணும் ஒரே படையா தெரியணும், ஆனா எல்லாம் ஒரே பழுப்பா போயிடக் கூடாது. எப்படி பெயிண்ட் பண்றது?

கல்லறைக்காவலன்:

வணக்கம் மக்களே. ஃபேண்டஸி டேபிள்டாப் கேமுக்காக ஒரு அன்டெட் (செத்து எந்திரிச்சவங்க) படை ஆரம்பிச்சிருக்கேன், எல்லாம் பெயிண்ட் பண்ற மினி பொம்மைங்க. பிளாஸ்டிக் எலும்புக்கூடு 40, நடைபிணம் 20, ஆவிங்க ஒரு கூட்டம், கூடவே குதிரைல வர்ற காட்டேரி தலைவன் ஒருத்தன். எல்லாம் 28 மில்லிமீட்டர் சைஸ். வெட்டி எடுத்து மோல்ட் லைன் (அச்சுக் கோடு) சுரண்டி ஒட்டி முடிச்சாச்சு, டெஸ்ட்டுக்கு எடுத்த சில எலும்புக்கூடு தவிர மத்ததுக்கு ப்ரைமர் (பெயிண்ட் ஒட்ட முதல்ல அடிக்கிற பூச்சு) இன்னும் அடிக்கல, அதுக்கு முன்னாடி மொத்தத் திட்டத்தையும் முடிவு பண்ணிக்கலாம்னு தான் கேக்குறேன்.

டெஸ்ட்ல போட்டது எல்லாரும் சொல்ற அதே வழி தான், தந்தக் கலர் அடிச்சு மேல பிரவுன் வாஷ் (பள்ளத்துல இறங்குற தண்ணியான பெயிண்ட்) ஊத்தி காஞ்சதும் வெளிர் கலர்ல டிரைபிரஷ் (பிரஷ்ல பெயிண்டை துடைச்சுட்டு மேட்டுல மட்டும் தேய்க்கிறது). கைல எடுத்துப் பார்த்தா நல்லாவே இருக்கு. ஆனா டேபிள்ல வச்சுட்டு மூணடி தள்ளி நின்னு பார்த்தா எலும்பு, ஈட்டிக் கட்டை, தோல் பட்டை, கீழ இருக்கிற மண்ணு எல்லாம் ஒரே பழுப்பு, எது எதுன்னு பிரிச்சு பாக்க முடியல.

நான் கேக்க வர்றது: எலும்புக்கு வேற என்ன கலர் போகலாம்? நடைபிணத் தோலுக்கு பச்சையைத் தவிர வேற வழி இருக்கா? ஆவி ஊடுருவித் தெரியுற மாதிரி எப்படி கொண்டு வர்றது? மூணும் வேற வேற ஆளுங்க மாதிரி இருக்கணும், ஆனா சேர்த்து நிறுத்தினா ஒரே சுடுகாட்டுல இருந்து எந்திரிச்சு வந்த மாதிரியும் இருக்கணும். ஒவ்வொண்ணுக்கும் மணிக்கணக்கா உக்கார முடியாது, ஆனா அவசரமா முடிச்ச மாதிரியும் தெரியக் கூடாது. ஏர்பிரஷ் கிடையாது, ஸ்ப்ரே டின்னும் சாதா பிரஷ்ஷும் தான்.


பழையபிரஷ்:

பழுப்பு எலும்பை பழுப்பு மண்ணு மேல நிக்க வச்சா கண்ணு ரெண்டையும் சேர்த்து ஒரே கட்டியா தான் எடுத்துக்கும் நண்பா, நீங்க எவ்ளோ நுணுக்கமா ஹைலைட் வச்சாலும் சரி. அதனால எலும்புக் கலரை முடிவு பண்றதுக்கு முன்னாடி பேஸ் (மினி நிக்கிற அடித்தட்டு) கலரை முடிவு பண்ணுங்க. எலும்பு சூடான மஞ்சள் பக்கம் போகுதுன்னா பேஸ் குளிர்ச்சியா இருக்கட்டும், நீலம் கலந்த சாம்பல் கல்லு, கருப்பு மண்ணு, அதுமேல வெளிறிப்போன காஞ்ச புல்லு. பேஸ் கண்டிப்பா செம்மண்ணா தான் வேணும்னா எலும்பை வெள்ளைக்கு கொண்டு போங்க. ரெண்டும் ஒரே பக்கம் சாயவே கூடாது.

அடுத்தது, இந்தப் பிணமெல்லாம் இத்தனை நாளா எங்க கிடந்துச்சுன்னு ஒரு முடிவு எடுத்துக்கோங்க. இது வெறும் கதைக்காக சொல்லல, எலும்போட கலரே அதை வச்சுத் தான் மாறும். மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்த எலும்பு அந்த மண்ணோட கலரை உறிஞ்சி பழைய புத்தகத்தோட பக்கம் மாதிரி பழுப்பா ஆயிடும். வெயில்ல வெளிய கிடந்தது வெளுத்து சுண்ணாம்பு வெள்ளைக்கு வந்துரும், மேல்பரப்புல விரிசல் கூட விழும். வெண்கலமோ செம்போ ஒட்டிக் கிடந்த எலும்புல அந்த இடத்துல மட்டும் பச்சைக் கறை ஏறும், தோண்டி எடுக்கிற புதைகுழிகள்ல நிஜமாவே இப்படி கிடைக்குது. தீயில எரிஞ்ச எலும்பு முதல்ல கருப்பாகும், இன்னும் சூடு ஏற ஏற நீலம் கலந்த சாம்பலாகி கடைசில வெள்ளையாயிடும். பாருங்க, எலும்புக்கு மட்டுமே நாலு விதமான திட்டம் கைல இருக்கு, நாலுமே நம்பற மாதிரி இருக்கும்.

உங்க படைக்கு நான் சொல்றது வெயில்ல வெளுத்த எலும்பு. நடைபிணம், ஆவி ரெண்டும் மங்கலான, கலர் கலந்த உருவங்க, அதுக்கு நடுவுல எலும்புக்கூடு தான் வெளிச்சமான கூட்டமா நிக்கணும். வெளிர் சாம்பல் அடிக்கலர், அதுமேல தண்ணியா கரைச்ச சீபியா வாஷ், மூட்டு, விலா இடுக்கு, கண்குழி பக்கம் மட்டும். ஒடம்பு பூரா வாஷை ஊத்தாதீங்க, உங்க டெஸ்ட் மினி ஒரே பழுப்பா போனதுக்கு பாதி காரணம் அது தான்னு நினைக்கிறேன். காஞ்சதும் தந்த வெள்ளைல டிரைபிரஷ், கடைசியா மண்டையோட்டு உச்சி, புருவ மேடு, கன்ன எலும்பு, முழங்கால் மூட்டு இங்க மட்டும் கிட்டத்தட்ட சுத்த வெள்ளை.

மண்டையோட்டுக்கு மட்டும் எப்பவும் கொஞ்சம் கூடுதலா நேரம் கொடுங்க. தள்ளி நின்னு பாக்குறவன் கண்ணு நேரா போறது மண்டைக்கும் கேடயத்துக்கும் தான், கால் எலும்பை யாரும் உத்துப் பாக்க மாட்டாங்க. கண்குழிக்கும் மூக்கு ஓட்டைக்கும் சுத்தக் கருப்பு வேண்டாம், அடர் பிரவுன் போதும், கருப்பு வச்சா ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி தனியா நிக்கும். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு கோடு அதே பிரவுன்ல போட்டுட்டா முகம் உடனே உயிர் பெற்றுரும், பிணத்துக்கு உயிர்னு சொல்றேன், ஆனா நிஜம் அது தான்.


நீலமசி:

பழையபிரஷ் சொன்னதோட முழுசா ஒத்துப்போறேன். நான் வேகத்தைப் பத்தி மட்டும் சேர்க்கிறேன், ஏன்னா 40 எலும்புக்கூடுன்னா பாதி வழில கை விட்டுறக் கூடாது, அன்டெட் படை ஆரம்பிச்ச நிறைய பேர் நின்னு போறது இந்த எலும்புக்கூட்டுக் கூட்டத்துல தான்.

2019ல சிட்டடல் பிராண்டோட கான்ட்ராஸ்ட் பெயிண்ட் (ஒரே கோட்லயே நிழலும் வெளிச்சமும் கொடுக்கிறது) வந்த பிறகு எலும்புக்கூடு போடுறது ரொம்பவே சுலபமாயிடுச்சு. ரெய்த்போன் (தந்தக் கலர்) ஸ்ப்ரே, அதுமேல ஸ்கெலிட்டன் ஹோர்ட் ஒரே கோட், காஞ்சதும் ஸ்க்ரீமிங் ஸ்கல் டிரைபிரஷ், எலும்பு முடிஞ்சது. ஆனா ஸ்கெலிட்டன் ஹோர்ட் அப்படியே பாட்டில்ல இருந்து எடுத்துப் போட்டா நல்ல மஞ்சப் பழுப்பு தான் வரும், நீங்க தப்பிக்கப் பாக்குறதே அதுல இருந்து தானே. அதனால கான்ட்ராஸ்ட் மீடியம் (அதே பெயிண்டை வெளிர் ஆக்குற கலர் இல்லாத திரவம்) பாதிக்குப் பாதி கலந்துக்கோங்க, தண்ணி ஊத்திக் கரைக்காதீங்க, தண்ணி அதிகமானா கலர் பிரிஞ்சு திட்டுத் திட்டா காயும். ரெய்த்போனுக்கு பதிலா க்ரே சியர் (வெளிர் சாம்பல்) ஸ்ப்ரே மேல போட்டீங்கன்னா இன்னும் குளிர்ச்சியா வரும், வெயில்ல வெளுத்த எலும்புக்கு அது தான் பொருத்தம்.

இன்னொரு வழி, சில வருஷமா எல்லாரும் ஸ்லாப்சாப்னு சொல்றாங்களே அது. கருப்பு ப்ரைமர், சாம்பல்ல கனமா டிரைபிரஷ், மேல வெள்ளைல லேசா டிரைபிரஷ், அப்புறம் கான்ட்ராஸ்ட். நடைபிணத்துக்கும் கிழிஞ்ச துணிக்கும் அருமையா வேலை செய்யும். எலும்புக்கூட்டுக்கு மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன், விலா எலும்புக்கு நடுவுல கருப்பு தேங்கி ரொம்ப அழுக்கா தெரியும், வெளிர் கலரை கருப்புல இருந்து மேல கொண்டு வர்றதுக்கு ஏகப்பட்ட கோட் ஆகும்.

டிரைபிரஷ்ஷுக்கு மேக்கப் பிரஷ் வாங்கிக்கோங்க, உருண்டையா மெத்துனு இருக்கிறது. தட்டையான முரட்டு பிரஷ்ல போட்டா பவுடர் பூசின மாதிரி சொரசொரன்னு வரும், இதுல மெதுவா வட்டமா தேச்சா மழமழன்னு படியும். பிரஷ் சுத்தமா காஞ்சு போயிடாம இருக்க ஈர ஸ்பாஞ்ச்ல ஒருதடவை லேசா தொட்டுட்டு பெயிண்ட் எடுங்க.

பத்து பத்தா பிரிச்சு போடுங்க. பத்து பேருக்கும் எலும்பு, அப்புறம் பத்து பேருக்கும் கட்டை, அப்புறம் பத்து பேருக்கும் இரும்பு. கடைசி ஆளுக்கு வாஷ் போட்டு முடிக்கிறதுக்குள்ள முதல் ஆள் பாதி காஞ்சிருப்பான், அந்தப் பக்கம் திரும்பி வந்து கண்குழிலயோ இடுப்பு எலும்புலயோ வாஷ் தேங்கி நின்னா ஈர பிரஷ் நுனியால உறிஞ்சி எடுத்துருங்க. காஞ்ச பிறகு விளிம்புல வட்டமா கறை நிக்கிறது இந்தத் தேக்கத்தால தான். கேடயத்தை மட்டும் இன்னும் ஒட்டலன்னா இப்ப ஒட்டாதீங்க, தனியா குச்சில ஒட்டி பெயிண்ட் பண்ணிட்டு கடைசில வைங்க, இல்லன்னா கேடயத்துக்குப் பின்னாடி இருக்கிற விலா எலும்புக்கு பிரஷ் போகவே போகாது.

ஆர்மி பெயிண்டர் கம்பெனியோட ஸ்பீட்பெயிண்ட் (கான்ட்ராஸ்ட் மாதிரியே) வச்சிருந்தீங்கன்னா பாட்டில் எதுன்னு பாத்துக்கோங்க. 2022ல வந்த முதல் வெர்ஷன் காஞ்ச பிறகும் மேல ஈரம் பட்டா திரும்ப கரைஞ்சு மேல் கலரோட கலந்துரும், எலும்பு மேல வெள்ளை ஹைலைட் வைக்கிறப்போ அது பெரிய தலைவலி. 2023ல வந்த 2.0ல அதை சரி பண்ணிட்டாங்க.


அந்திமந்தாரை:

நடைபிணம் பத்தி யாரும் சொல்லலையே, அதை நான் எடுத்துக்கிறேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி அது.

பச்சைத் தோல் வேண்டாம்னு நீங்க நினைக்கிறது சரி. முழுசா பச்சை அடிச்சா தள்ளி நின்னு பாக்குறவங்களுக்கு அது பிணமா தெரியாது, ஆர்க் (ஃபேண்டஸி கதைல வர்ற பச்சைத் தோல் அரக்கன்) மாதிரி தான் தெரியும். செத்த உடம்புல நிஜமா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா கலர் தானா கிடைச்சுரும். இதயம் நின்னதும் ரத்தம் ஓட்டம் இல்லாம புவியீர்ப்புக்கு கீழ இறங்கிடும், கீழ் பக்கமா இருந்த இடமெல்லாம் ஊதா கலந்த சிவப்பா மாறும், மேல் பக்கம் மெழுகு மாதிரி வெளிறிப் போகும். தரையோட அழுந்திக் கிடந்த இடத்துல மட்டும் ரத்தம் இறங்க முடியாததால அங்க வெள்ளையாவே இருக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் தாண்டினதும் பச்சை வர ஆரம்பிக்கும், அதுவும் முதல்ல அடிவயித்துல வலது பக்கம் தான். அப்புறம் தோலுக்கு அடில ரத்தக் குழாய் எல்லாம் பச்சைக் கருப்பா வேர் மாதிரி கிளை விட்டுத் தெரியும்.

இதை மினில கொண்டு வர்றதுக்கு பெரிய வேலையெல்லாம் இல்ல. எல்லா 20 பேருக்கும் ஒரே வெளிறின தோல் அடிக்கலர், சாம்பல் கொஞ்சம் கலந்தது, பாலிட் விட்ச் ஃப்ளெஷ் மாதிரி. அதுமேல வாஷை இடத்துக்கு இடம் மாத்துங்க. விரல் நுனி, முழங்கை, பாதம், காதோரம், கண்ணைச் சுத்தி ட்ரூக்கி வயலட். வயித்துலயும் கழுத்துலயும் தண்ணியா கரைச்ச பச்சை வாஷ், அத்தோனியன் கேமோஷேட் நல்லா இருக்கும். காயத்தைச் சுத்தி கார்ரோபர்க் கிரிம்சன் (சிவப்பு வாஷ்). ரெண்டு வாஷ் ஈரமா இருக்கிறப்பவே பக்கத்துல பக்கத்துல வச்சு ஓரத்தை கலக்க விட்டீங்கன்னா எல்லைக் கோடு தெரியாம தானா மங்கும். எவனுக்கு ஊதா தூக்கலா, எவனுக்கு பச்சை தூக்கலான்னு ஆளுக்கு ஆள் மாத்திக்கிட்டே போங்க, 20 பேரும் வேற வேற நாள்ல செத்தவங்க மாதிரி தெரியும், ஆனா அடிக்கலர் ஒண்ணு தான்கிறதால கூட்டமா ஒத்துப்போகும்.

மஞ்சளையும் மறந்துறாதீங்க. வெளிறின தோல்ல நெத்தி, மூக்குத் தண்டு, தோள்பட்டை ஹைலைட்ல ஒரு துளி மஞ்சள் கலந்த தந்த வெள்ளை வச்சா பக்கத்துல இருக்கிற ஊதா இன்னும் ஆழமா தெரியும். சுத்த வெள்ளை வச்சா பொம்மையா போயிடும்.

ரத்தம் வைக்கிறதுல தான் நிறைய பேர் கெடுத்துடறாங்க, எனக்கு இதுல கறாரான கருத்து இருக்கு. நடைபிணத்தோட சொந்தக் காயத்துல இருக்கிறது பழைய ரத்தம், அது அடர் பிரவுன், கிட்டத்தட்ட கருப்பு, பளபளப்பு கிடையாது. பளபளன்னு சிவப்பா இருக்க வேண்டியது அது கடிச்சுக் குதறின ஆளோட ரத்தம், அதாவது வாய், தாடை, நகம், கைல இருக்கிற ஆயுதம். ரெண்டையும் பிரிச்சு வச்சீங்கன்னா ஒவ்வொரு நடைபிணமும் ஒரு கதை சொல்லும். எல்லா இடத்துலயும் ஒரே பளபள சிவப்பை தெளிச்சா கூட்டம் பூரா சிவப்புப் புள்ளியா தெரியும், முகம் காணாம போயிடும்.

துணிக்கு அழுத்தமான கலர் வேண்டாம், ஆனா எல்லாத்தையும் பிரவுனும் ஆக்காதீங்க. இவங்க உயிரோட இருந்தப்போ ஊர் ஜனங்க, நீலச் சட்டை, சிவப்பு பாவாடை எல்லாம் போட்டிருப்பாங்க. அந்தக் கலரை சாம்பல் கலந்து மங்க வச்சு போடுங்க, கீழ் ஓரத்துல மட்டும் மண்ணு.


கல்லறைக்காவலன்:

அக்கா, அந்த ரத்தம் பிரிக்கிற யோசனை எனக்கு சுத்தமா தோணவே இல்ல, அப்படியே செய்யப் போறேன். பழையபிரஷ் அண்ணா, வெளுத்த எலும்பு, பேஸுக்கு நீலச் சாம்பல் கல்லு, இது ரெண்டும் முடிவு.

இப்போ ஆவிங்க பாக்கி. அப்புறம் இரும்பு, வெண்கலம் ரெண்டும் கலந்து வருது என்னோட எலும்புக்கூட்டுக்கு, சிலதுக்கு வெண்கலக் கவசம், வாள் எல்லாம் இரும்பு. எல்லாத்துக்கும் துரு அடிச்சுரலாமா? மூணையும் ஒண்ணா இணைக்கிற விஷயத்துக்கும் யாராவது வழி சொல்லுங்க, ஒரே பேஸ் வச்சா மட்டும் போதுமா?


உலோகவேலை:

துருவைப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போறேன். வெண்கலத்துக்கு ஆரஞ்சு துரு பிடிக்காது ப்ரோ. இரும்புக்கு தான் துரு, வெண்கலத்துக்கும் செம்புக்கும் பிடிக்கிறது பச்சைநீலக் களிம்பு. வாளுக்கு டைஃபஸ் கரோஷன் (அழுக்கு பிரவுன் பெயிண்ட்) தடவி மேல ரைஸா ரஸ்ட் (ஆரஞ்சு) லேசா டிரைபிரஷ், ஆனா முழுக்க ஆரஞ்சு ஆக்காதீங்க, பழைய துரு அடர் பிரவுனா இருக்கும், புதுத் துரு தான் ஆரஞ்சு, அதனால ஆரஞ்சு அங்கங்க மட்டும். கவசத்துக்கு நிஹிலாக் ஆக்ஸைட் (களிம்புக் கலர் பெயிண்ட்), இடுக்குலயும் ஆணித் தலையைச் சுத்தியும், மேட்டுல இருக்கிறதை ஈர விரலால துடைச்சு விட்டுருங்க. கவசம் தொடுற இடத்துல எலும்பு மேலயும் அதே பச்சையை ரொம்ப கரைச்சு கொஞ்சம் இழுத்து விடுங்க, பழையபிரஷ் சொன்ன பச்சைக் கறை இது தான், வெள்ளை எலும்புல அது அப்படி எடுப்பா தெரியும்.

வெள்ளி நகை இருந்தா அது கருத்துப் போகும். தங்கம் மட்டும் மாறாது, எத்தனை நூறு வருஷம் மண்ணுல கிடந்தாலும் தங்கம் தங்கமாவே வெளிய வரும். உங்க தலைவனுக்கோ கொடி பிடிக்கிறவனுக்கோ கிரீடம், மோதிரம் ஏதாவது இருந்தா அதை மட்டும் அழுக்கு படாம சுத்தமா மின்ன விடுங்க. சுத்தி எல்லாம் அழிஞ்சு கிடக்க அது ஒண்ணு மட்டும் புதுசா இருக்கிறது தான் அவனை தலைவனா காட்டும்.


இரவுப்பறவை:

ஆவிக்கு வர்றேன், கொஞ்சம் நீளமா தான் சொல்லணும்.

பிளாஸ்டிக் மினியை நிஜமாவே ஊடுருவித் தெரிய வைக்க முடியாது, அதனால கண்ணை நம்ப வைக்கணும், அதுக்கு ரெண்டு விஷயம் போதும். ஒண்ணு, சாதாரண மினில பள்ளம் இருட்டு, மேடு வெளிச்சம். ஆவில அதைத் திருப்பிப் போடணும், பள்ளம் வெளிச்சம், மேடு இருட்டு. வெளிச்சம் உள்ள இருந்து வருதுன்னு மூளை எடுத்துக்கும். வெள்ளை ப்ரைமர் மேல துணி மடிப்புக்கு உள்ள எல்லாம் வெளிர் பச்சைநீலம், மடிப்போட மேட்டுல அடர் பச்சைநீலம் லேசா டிரைபிரஷ், முக்காடுக்கு உள்ள மட்டும் கிட்டத்தட்ட வெள்ளை. செஞ்சு முடிச்சதும் வேற ஏதோ ஒரு பொருள்ல செஞ்ச மாதிரி இருக்கும்.

ரெண்டாவது, உருவம் எங்கயாவது கரைஞ்சு போகணும். பொதுவா ஆவி மினிக்கு கால் இருக்காது, புகை மாதிரி வால் தான் கீழ இறங்கி பேஸ்ல ஒட்டும். மேல தலை, கை இதெல்லாம் அழுத்தமான கலர், கீழ வர வர கரைஞ்சு வாலோட நுனில பேஸ் கல்லோட அதே நீலச் சாம்பல்ல முடியட்டும். பேஸ் கலரும் வால் கலரும் ஒண்ணாயிட்டா எங்க ஆவி முடியுது எங்க தரை ஆரம்பிக்குதுன்னு தெரியாது, அப்போ ஊடுருவித் தெரியுற உணர்வு வந்துரும்.

நேரம் இல்லன்னா வெள்ளை ப்ரைமர் மேல நைட்ஹாண்ட் க்ளூம் (ஆவிக்குன்னே வர்ற பச்சைநீல பெயிண்ட்) ஒரு கோட், காஞ்சதும் வெள்ளை டிரைபிரஷ், அவ்ளோ தான், கூட்டமா வர்ற ஆவிங்களுக்கு இதுவே போதும், தலைமை ஆவிக்கு மட்டும் நான் மேல சொன்ன முறை. அது கைல இருக்கிற சங்கிலி, வாள், விளக்குக்கு மட்டும் ஆவிக் கலர் வேண்டாம், துருப்பிடிச்ச இரும்பாவே போடுங்க. கெட்டியான பொருள் பக்கத்துல இருந்தா தான் ஆவி இன்னும் லேசா தெரியும். அப்புறம் சில ஆவி மினி கண்ணாடி மாதிரி பச்சை, நீல பிளாஸ்டிக்லயே வார்த்து வரும், உங்க கிட்ட அந்த மாதிரி இருந்தா தயவுசெஞ்சு ப்ரைமர் அடிச்சு அதை மூடிறாதீங்க, பள்ளத்துல கொஞ்சம் வாஷ், மேட்டுல லேசா வெள்ளை, அத்தோட விட்டுருங்க.

மூணையும் இணைக்கிறதுக்கு என் வழி இது, இதை நான் ரொம்ப நம்புறேன்: வெளிச்சக் கலர் ஆளுக்கு ஆள் மாறட்டும், நிழல் கலர் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கட்டும். ஆவியோட பச்சைநீலத்தை எடுத்து நல்லா கரைச்சு எலும்புக்கூட்டுக்கு கணுக்கால், இடுப்பு எலும்போட அடிப்பக்கம், கேடயத்துக்கு பின்னாடி இருக்கிற விலா இங்க ஒரு மெல்லிசு கிளேஸ் (அடில இருக்கிற கலர் தெரியுற அளவு பூச்சு) விடுங்க. நடைபிணத்துக்கு பாதம், துணியோட கீழ் ஓரம், தாடைக்கு அடி. தலைவனுக்கு அங்கியோட உள் மடிப்பு. பேஸ் கல்லோட இடுக்குலயும் அதே தான். எலும்பு தந்த வெள்ளை, பிணம் வெளிறின ஊதா, ஆவி பச்சைநீலம்னு மேல மூணு கலர் இருந்தாலும் கீழ எல்லாரும் ஒரே இருட்டுல நிக்கிறாங்க. தனியா எடுத்துப் பார்த்தா அந்தக் கிளேஸ் இருக்கிறதே தெரியாது, வரிசையா நிறுத்தினா தான் அது வேலை செய்யும். கிளேஸ்ங்கிறதால பிரஷ்ல ஏத்தினதும் டிஷ்யூல ஒருதடவை ஒத்திட்டு வைங்க, வாஷ் மாதிரி ஊத்திறாதீங்க.


பழையபிரஷ்:

இரவுப்பறவை சொன்ன நிழல் விஷயத்துக்கு நான் கை தூக்குறேன். நிறைய பேர் எல்லார் கண்ணுலயும் ஒரே பச்சை வெளிச்சம் வச்சு இணைக்கப் பாக்குறாங்க, 40 எலும்புக்கூட்டுக்கும் அதை வச்சா அதோட மதிப்பே போயிடும். கண் வெளிச்சத்தை தலைவனுக்கும் கொடிக்காரனுக்கும் மட்டும் வைங்க, முதல்ல கண்குழிக்குள்ள சின்ன வெள்ளைப் புள்ளி, அதுமேல பச்சைநீலக் கிளேஸ், குழி விளிம்புல பட்டும் படாம அதே கலர். வெள்ளை இல்லாம நேரா கலரை வச்சா வெளிச்சமா தெரியாது.

ஒரு விஷயத்துல மட்டும் மாறுபடுறேன். தலைமை ஆவிக்கு மட்டும் தலைகீழ் வெளிச்சம், மத்ததுக்கு சாதாரணம்னா பக்கத்துல பக்கத்துல நிக்கிறப்போ ரெண்டும் வேற வேற இனமா தெரியும். கூட்டத்துக்கும் டிரைபிரஷ் வெள்ளைக்கு பதிலா அடர் பச்சைநீலம் போட்டுட்டா வேலை அதே அளவு தான், ஒத்தும் போகும். நைட்ஹாண்ட் க்ளூமை நல்லா மீடியம் விட்டு வெளிர் ஆக்கிக்கோங்க அவ்ளோ தான்.


இரவுப்பறவை:

அது நல்ல யோசனை, ஏத்துக்கிறேன். மீடியம் கலந்தா பள்ளத்துல தேங்குறதும் குறையும், இந்த முறைக்கு அது தான் வேணும்.


கல்லறைக்காவலன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்போ எலும்புக்கூட்டுக்கு க்ரே சியர், ஆவிக்கு வெள்ளை, நடைபிணத்துக்கு ஸ்லாப்சாப்ங்கிறதால கருப்பு, இப்படி மூணு ப்ரைமரா போகலாம்னு இருக்கேன். கடைசியா ரெண்டு கேள்வி. மழைக்காலத்துல ஸ்ப்ரே அடிக்கலாமா? வார்னிஷ் மேட்டா (பளபளப்பு இல்லாதது), க்ளாஸா (பளபளப்பானது)? இதெல்லாம் அடிக்கடி கைல எடுத்து விளையாடப் போற மினி.


நீலமசி:

காத்துல ஈரம் அதிகமா இருக்கிறப்போ அடிக்காதீங்க, ப்ரைமர்னா மாவு மாதிரி சொரசொரன்னு படியும், மேட் வார்னிஷ்னா மேல வெள்ளையா புகை படிஞ்ச மாதிரி ஆயிடும், முடிச்ச மினில அப்படி ஆச்சுன்னா மனசே விட்டுப் போயிடும். ஈரம் குறைஞ்ச நாளா பார்த்து டின்னை ரெண்டு நிமிஷம் நல்லா குலுக்கிட்டு 20-30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிச்சு விட்டு விட்டு அடிங்க, ஒரே இடத்துல நிக்க வேண்டாம். காத்திருக்க முடியாதுன்னா பிரஷ்ல பூசுற ப்ரைமர் வாங்கிக்கோங்க. உங்க நடைபிணத்துல ஏதாவது ரப்பர் மாதிரி வளையுற மெத்து பிளாஸ்டிக் மினி இருந்தா அதுக்கு எப்பவுமே பிரஷ் ப்ரைமர் தான், சில ஸ்ப்ரே அந்த பிளாஸ்டிக் மேல காயாம பிசுபிசுன்னு நின்னுரும். அதை முதல்ல சோப்புத் தண்ணில கழுவிக்கோங்க, ரெசின் மினியும் அப்படித் தான், அச்சுல இருந்து எடுக்க தடவுற எண்ணெய் மேலயே இருக்கும்.

ஒரு சின்ன திருத்தம், நடைபிணத்துக்கு கருப்பு ப்ரைமர் அடிச்சா அந்திமந்தாரை அக்கா சொன்ன வெளிறின தோல் அடிக்கலருக்கு ஏகப்பட்ட கோட் ஆகும். துணிக்கு வேணா ஸ்லாப்சாப் நல்லா இருக்கும், ஆனா உங்க நடைபிணத்துல தோல் நிறைய தெரியுதுன்னா அதுக்கும் க்ரே சியரே அடிச்சுருங்க.


அந்திமந்தாரை:

ஆமா, தோல் அதிகம்னா கருப்பு வேண்டவே வேண்டாம்.

வார்னிஷ்ஷுக்கு நான் செய்யுறது, நிறைய கைல எடுக்கிற மினின்னா முதல்ல க்ளாஸ் ஒரு கோட், அது நல்லா காஞ்சதும் மேல மேட். க்ளாஸ் தான் கெட்டியா பிடிக்கும், மேட் அந்தப் பளபளப்பை எடுத்துரும். எலும்புக்கூட்டோட ஈட்டி நுனி, விரல் இதெல்லாம் தான் முதல்ல தேய்ஞ்சு பிளாஸ்டிக் தெரியும், அங்க பிரஷ்லயே இன்னொரு கோட் வச்சுக்கோங்க. முழு படைக்கும் அடிக்கிறதுக்கு முன்னாடி டெஸ்ட் மினி ஒண்ணுல அடிச்சுப் பாருங்க.

மேட் வார்னிஷ் அடிச்சதும் உலோகமெல்லாம் செத்துப் போன மாதிரி மங்கிடும். அதனால வாளோட வெட்டு முனைல வெள்ளிக் கோடு, தலைவனோட தங்கக் கிரீடம், நடைபிணத்தோட வாய்ல புது ரத்தம், இந்த மூணையும் வார்னிஷ்ஷுக்கு முன்னாடி வைக்காதீங்க, எல்லாம் காஞ்ச பிறகு கடைசில வைங்க. தங்கம் மட்டும் கையில படுற இடத்துல இருந்தா அதுமேல க்ளாஸ் வார்னிஷ் பிரஷ்ல ஒரு துளி.